பண்டிகைக் கால வியாபாரமும் நம் பற்களும்

புரட்டாசியில் நவராத்திரிக் கொலு வைத்ததும் நமக்குச் சீசன் தொடங்கிவிடுகிறது. ஆயுத பூஜைக்குப் பொரி, பொட்டுக்கடலை, அவல், நாட்டுச்சர்க்கரை. தீபாவளிக்குச் சீனி, மைதா, கடலை மாவு, நெய், வனஸ்பதி. கார்த்திகைக்குப் பொரியும் வெல்லமும். மார்கழியில் கிறிஸ்துமஸ் கேக்குக்கான சரக்கு. தைப் பொங்கலுக்குப் பச்சரிசியும் அச்சு வெல்லமும். ஏறக்குறைய நான்கு மாதம் வியாபாரிக்கு உட்கார நேரமில்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, தூக்கமும் சரியாக இல்லை. இந்த நான்கு மாதத்தில் நம் உடம்பில் ஓய்வே இல்லாமல் உழைப்பது கால் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காலைவிட அதிகமாக அடிபடுவது வாய்.

இதை வியாபாரிகள் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சில அன்பர்கள் நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் பல் இருக்கிறது. ஆனால் பண்டிகைக் காலத்தில் பல்லுக்கு வரும் கேடு நம் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பங்கு கூடுதல். வீட்டில் இருப்பவர் பண்டிகைக்கு இரண்டு நாள் இனிப்பு சாப்பிடுகிறார். நாம் அறுபது நாள் முன்னதாகவே சாப்பிடத் தொடங்குகிறோம், அதுவும் சாப்பிடுகிறோம் என்ற நினைவே இல்லாமல்.

எங்கள் மண்டியையே எடுத்துக்கொள்வோம். நாங்கள் வெல்லமும் சர்க்கரையும் மொத்தமாக விற்பவர்கள். தரகர் மாதிரி கொண்டுவந்தால் நிறத்தை மட்டும் பார்த்து விலை பேச முடியாது. பார்வைக்குப் பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் மருந்து போட்டு வெளுத்ததாக இருக்கலாம். மண் வாகு சரியில்லாத காட்டுக் கரும்பென்றால் வெல்லத்தில் உப்புக் கரிக்கும். அதனால் ஓரத்தை உடைத்து வாயில் போட்டுப் பார்த்தாக வேண்டும். கவுந்தப்பாடிச் சரக்கு, சேலத்துச் சரக்கு, நெய்க்காரப்பட்டிச் சரக்கு என்று சீசனில் ஒரு நாளைக்கு இருபது முப்பது மாதிரி நாக்கில் படும். இனிப்புக் கடை வைத்திருப்பவர்கள் நிலைமையும் இதுதான். சரக்கு மாஸ்டர் பாகு பதம் பார்க்கிறார், முதலாளி ஈடுக்கு ஈடு ருசி பார்க்கிறார், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது தானும் ஒரு விள்ளல் போட்டுக்கொள்கிறார். மளிகைக் கடையில் பேரீச்சம்பழம், முந்திரி, கற்கண்டு. இது போதாதென்று மணிக்கொரு டீ. வந்தவருக்கு வாங்கும்போது நமக்கும் ஒன்று. பேரம் முடிந்தால் வெற்றிலைப் பாக்கு.

இதில் பல்லுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம், விஷயமே அதில்தான் இருக்கிறது.

நம் வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. பல்லின் மேல் வழவழவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் இனிப்போ மாவுப் பண்டமோ தின்றால், அந்தக் கிருமிகளும் அதைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்தோடான எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அமிலம் ஏறிவிடும். பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைக் கழுவி, மட்டுப்படுத்தி, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. 1940களில் அமெரிக்கப் பல் ஆராய்ச்சியாளர் ஸ்டெஃபான் இதை அளந்து வரைபடமாகவே காட்டினார். இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒருவர் மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஐந்து துண்டு மைசூர்பாகு சாப்பிடுகிறார். அவர் பல்லுக்கு ஒரு தடவை அமிலம், ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். இன்னொருவர் அதே ஐந்து துண்டை ஐந்து வேளையாகச் சாப்பிட்டு, நடுவில் ஐந்து தடவை சர்க்கரை போட்ட டீயும் குடிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அரை மணி என்று குறைத்துப் போட்டாலும் ஐந்து மணி நேரம் அவர் பல் அமிலத்தில் ஊறுகிறது. நடுவில் மாதிரி பார்ப்பதையும் சேர்த்தால் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை உமிழ்நீருக்கு வேலை முடிவதே இல்லை. வரவைவிடச் செலவு மிகுந்த கடைபோல, பல்லில் சேர்வதைவிடக் கரைவது அதிகமாகிவிடுகிறது. எத்தனை கிராம் தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதையும் பல் கணக்கு வைக்கிறது.

சுவீடன் நாட்டில் லுண்ட் நகருக்கு அருகே விபெஹோல்ம் என்ற இடத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பெரிய மருத்துவமனை ஒன்று இருந்தது. 1945ல் தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே இருந்தவர்களுக்கு வெவ்வேறு விதமாக இனிப்புக் கொடுத்துப் பற்களைச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாபியைத் தின்றவர்களுக்குத்தான் மிக மோசமாகக் கூடியது. சொல்ல வாயில்லாதவர்களை அவர்கள் சம்மதமில்லாமல் சோதனைப் பொருளாக்கியது பாவம்தான். பின்னாளில் உலகமே அதைக் கண்டித்தது. அந்தச் சோதனைக்கு மிட்டாய்க் கம்பெனிகளும் உதவி செய்தன என்பது வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய செய்தி. முடிவு தங்களுக்குச் சாதகமாக வரும் என்று எதிர்பார்த்திருப்பார்களோ என்னவோ! அதன் பிறகு அந்நாட்டில், பிள்ளைகளுக்கு மிட்டாயை வாரத்தில் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் கொடுங்கள் என்று சொல்லப்போய், அது இன்றுவரை வீட்டு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. அங்கே மிட்டாய் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

சர்க்கரை விற்பவர்கள் சர்க்கரையைக் குறை சொல்லலாமா என்று எங்களைச் சிலர் கேலி செய்வதுண்டு. தின்னாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சாப்பாட்டோடு தின்னுங்கள், அதுவரை வாயைச் சும்மா வையுங்கள் என்றுதான் சொல்கிறோம். 2015ல் உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளைய உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் சர்க்கரை இருக்கட்டும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று சொன்னது. அந்தப் பாதி என்பது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. நம்மில் பலர் அதைக் காலை பத்து மணிக்குள் டீயிலேயே முடித்துவிடுகிறோம்.

வெல்லம் நல்லது, கருப்பட்டி நல்லது, அதனால் பல் கெடாது என்று ஒரு பேச்சு உண்டு. எங்களுக்கு லாபமான பேச்சுத்தான். ஆனாலும் உண்மை வேறு. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துத்தான். தேனும் இனிப்புத்தான். கிருமிக்கு அச்சு வெல்லமும் ஒன்றுதான், அஸ்காவும் ஒன்றுதான். பாகு சேர்த்துப் பிடித்த கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை, மனோகரம் போன்றவை பல்லிடுக்கில் ஒட்டி நெடுநேரம் நிற்பதால் வாயில் கரைந்து போகும் இனிப்பைவிடக் கூடுதலாகவே கெடுக்கும். காரம்தானே என்று முறுக்கு, மிக்சர் கொறித்தாலும் தப்பில்லை என்று எண்ண வேண்டாம். மாவு பல் குழியில் ஒட்டி அதே வேலையைத்தான் செய்கிறது.

கடையில் இருந்துகொண்டே என்ன செய்யலாம்? மாதிரி பார்க்காமல் வெல்ல வியாபாரம் நடக்காது. ஆனால் வரும் மாதிரியை எல்லாம் வந்த நேரத்திலேயே பார்க்க வேண்டியதில்லை. தரகர்களை ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, காலையில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லா மாதிரியையும் பார்த்து முடித்துவிடலாம். எங்கள் மண்டியில் சில ஆண்டுகளாக அப்படித்தான். பார்த்ததும் துப்பிவிட்டு வாய் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தால் போதும். டீயில் இரண்டுக்கு மட்டும் சர்க்கரை, மற்றதெல்லாம் சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். நாள் முழுவதும் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி வாய் வறண்டு போகிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வாய் வறளும். உமிழ்நீர் குறைந்த வாயில் சொத்தை சீக்கிரம் வரும். தாகத்துக்கு சோடா, கலர் குடிப்பதைவிட வெறும் தண்ணீரே மேல். சோடாவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் புளிப்பு உண்டு, அது எனாமலை நேராகவே அரிக்கும்.

இரவுப் பல் துலக்கல்தான் நம்மிடம் இல்லாத பழக்கம். காலையில் பல் துலக்காமல் காப்பி குடிக்கமாட்டோம், அவ்வளவு ஆசாரம். ஆனால் சீசனில் இரவு பன்னிரண்டு மணிக்குக் கடையைப் பூட்டி, வீட்டில் வைத்திருந்ததைச் சாப்பிட்டு, மேலே ஒரு லட்டும் போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிடுகிறோம். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அந்த ஐந்தாறு மணி நேரமும் கிருமிக்குக் கொண்டாட்டம். ஒரு வேளைதான் துலக்க முடியும் என்று யாராவது அடம்பிடித்தால் இரவில் துலக்கு என்றே சொல்வோம். ஃபுளூரைடு கலந்த பேஸ்ட்டில் இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டுவிடுவது நல்லது. அந்த ஃபுளூரைடு இரவு முழுவதும் பல்லில் நின்று வேலை செய்யும். நம் அலமாரியிலேயே பத்து வகை பேஸ்ட் இருக்கிறது. உறையைத் திருப்பிப் பார்த்தால் ஃபுளூரைடு உள்ளதா, இல்லையா என்று அச்சிட்டிருப்பார்கள். மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் இருக்காது. வாடிக்கையாளர் கேட்டால் நாமே சொல்லலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும்.

சாம்பல், செங்கல்பொடி, நறநறக்கும் சிவப்புப் பல்பொடி இவை பல்லைத் தேய்த்துக் குறைத்துவிடும். ஆலங்குச்சி, வேப்பங்குச்சியால் அழுக்குப் போகும், ஃபுளூரைடு கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பேஸ்ட், பிரஷ் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நமக்குத் தெரிந்ததே. மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் மாற்றுவதற்கு இனி யோசிக்க வேண்டாம்.

அடுத்தது பாக்கு. வெற்றிலை போடாத கடைவீதி நாம் பார்த்ததில்லை. கொத்தவால் சாவடி 1996ல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை அங்கே ஒவ்வொரு மண்டித் திண்ணையும் சிவந்துதான் இருந்தது. வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்தால்தான் கெடுதி, வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான் என்று 2004ல் வெளியிட்ட நூலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கைத் தொடர்ந்து அடக்குபவர்களுக்குக் கன்னத்தின் உள்தசை நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். நம் மூன்று விரல்களை அடுக்கி நெட்டுவாக்கில் வாய்க்குள் விட்டுப் பார்த்தால் தெரியும். நுழையவில்லையென்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும் அப்படியே. வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. பல்பொடி, பேஸ்ட்டில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992லேயே தடை செய்தது. குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013ல் தடை ஆணை வந்தது. அவற்றை ஒளித்து வைத்து விற்றால் கடைக்கு சீல் வைப்பார்கள் என்பதை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். கடைப் பையன்கள் வாயில் அது அடங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். பல் வலித்தால் வியாபாரி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: ‘தீபாவளி முடியட்டும்.’

எங்களுக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம். சர்க்கரை நோய் உண்டு. ஆயுத பூஜை சமயத்திலேயே கீழ்க் கடைவாய்ப்பல் இரவில் விண்விண்ணென்று தெறித்தது. கிராம்பை வைத்து அடக்கினார். பிறகு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை. ஒரு வாரத்தில் வலி தானாக நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று அவரும் சொன்னார், வீட்டாரும் நம்பினார்கள். உண்மையில் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது. சீழ் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது தாடைக்குக் கீழ் வீங்கியது. மறுநாள் எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கழுத்துப் பக்கம் அறுத்துச் சீழை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் மூச்சுக்குழல் அடைத்திருக்கும் என்றார்கள். தீபாவளிக்கு அவர் படுக்கையில், கடை தங்கை மகன் கையில். அந்த வருடத்து வசூலில் பாதி எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. உயிர் தப்பியதே பெரிது.

அவர் எந்தெந்த இடத்தில் நின்றிருக்கலாம் என்று பாருங்கள். பல்லில் கறுப்புப் புள்ளி விழுந்தபோதே அடைத்திருந்தால் சில நூறு ரூபாயில், அரை மணியில் முடிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசி உடனே நின்ற காலத்திலும் அடைக்க வழியிருந்திருக்கும். இரவில் தானாகத் தெறித்த பிறகு வேர் சிகிச்சை, அதன்மேல் ஒரு தொப்பி. ஆயிரக்கணக்கில் செலவு, மூன்று நான்கு நடை. வீக்கம் வந்த பிறகு கணக்கே வேறு. கடன் பாக்கியை ஏறவிடாத நாம் இதை மட்டும் ஏறவிடுகிறோம்.

கன்னமோ தாடையோ வீங்கி, கூடவே காய்ச்சல், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அது பல்வலி அல்ல, உயிர் விஷயம். பண்டிகை நாளானாலும், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சாதாரண வலிக்கே சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி ஈறில் வைக்கிறார்கள். அது ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்கும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கி விழுங்குவது ஆபத்து. இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. இரு மருத்துவரிடமும் சொல்லிக் கேட்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ள அன்பர்கள் நம் சங்கத்தில் ஏராளம். ஈறு நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் பலரும் அந்த இடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் மெதுவாக, நன்றாகத் துலக்க வேண்டும், காறையையும் எடுத்துவிட வேண்டும். காறை எடுத்தால் பல் ஆடும் என்பது தவறான பேச்சு.

தராசுக்கு நாள் தவறாமல் முத்திரை வைக்கிறோம். அதுபோல் வாய்க்கு ஆடி மாதத்தை ஒதுக்கலாம். மளிகை, வெல்லம், எண்ணெய் மொத்த வியாபாரத்தில் ஆடி மந்தம்தானே. அப்போதே பல் மருத்துவரிடம் காட்டி, அடைக்க வேண்டியதை அடைத்துக்கொண்டால் தை வரை கவலையில்லை. செலவு யோசிப்பவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை அன்பர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953 முதல் நடந்துவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரி கூப்பிடு தூரம். கடைப் பையன்களையும் மூட்டை தூக்குபவர்களையும் அதே மாதத்தில் அரை நாள் சம்பளத்தோடு அனுப்பி வைப்பது நமக்கும் நல்லது. ஐப்பசியில் அவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கஷ்டம் யாருக்கு?

கடைசியாக ஒன்று. கரும்பு கடித்து, பொரிவிளங்காய் உருண்டை கடித்து, வாணம் விடும்போது தடுக்கி விழுந்து, மூட்டை இறக்கும்போது கொக்கி பட்டு என்று பண்டிகைக் காலத்தில் பல் உடைவதும் விழுவதும் உண்டு. நிலைத்த பல் முழுசாக வேரோடு விழுந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்காக இருந்தால் பாலில் மெல்ல அலசி, முடிந்தால் விழுந்த குழியிலேயே வைத்துத் துணியைக் கடித்துக்கொண்டு போகலாம். முடியாவிட்டால் காய்ச்சாத குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போக வேண்டும். தேய்த்துக் கழுவக் கூடாது, துணியில் சுற்றிக் காயவிடவும் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தால் அதே பல்லைத் திரும்பப் பொருத்திவிட வாய்ப்பு அதிகம். பால் பாக்கெட் நம் கடையிலேயே இருக்கும்.